ரிப்போர்ட்டில் எச்.எஸ்.ஐ.எல். என்று வந்தால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

தாராவியிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி மும்பைக்கு வந்து இருபது வருடம். பையனுக்கு 17 வயது, பெண்ணுக்கு 13. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்துவிட்டது. அவ்வப்போது வெள்ளைப்படுவதைத் தவிர வேறு தொந்தரவு எதுவும் இல்லை. வீட்டருகே நடந்த இலவச முகாமில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘எச்.எஸ்.ஐ.எல்.’, அதாவது செல்களில் தீவிர மாற்றம், என்று வந்திருக்கிறது.

அதைப் பார்த்த ஒரு நர்சிங் ஹோமில், “கர்ப்பப்பை, சினைப்பை இரண்டையும் எடுத்துவிடலாம், அடுத்த வாரமே அட்மிட் ஆகிவிடுங்கள்” என்றார்களாம். மாமியாரோ, “மே லீவுல ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம், இப்ப எதையும் கிளறாதே” என்கிறார். மே மாதத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இது ஒரு வைரஸால் வருவது என்று செல்போனில் படித்த கணவர், “உனக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டதிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துபோய்விட்டது. இது புற்றுநோயா, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வதா, தள்ளிப்போடுவதா, மகளுக்குத் தடுப்பூசி போட வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கடிதத்தின் கடைசியில் நாத்தனாரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். 54 வயது நாத்தனாருக்கு மாதவிலக்கு நின்று நான்கு வருடமாகிறது. போன மாதம் இரண்டு தடவை லேசாக ரத்தம் பட்டதாம். “சூடுதான்” என்கிறாராம். அவருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

முக்கியமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அட்மிட் ஆகாதீர்கள். மே மாதம் வரையும் காத்திருக்காதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது கால்போஸ்கோபியும் (கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது) பயாப்சியும் (சின்னத் திசுத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது). அதை அடுத்த நான்கு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆபரேஷன் தேவையா, தேவையென்றால் எது என்பதெல்லாம் பயாப்சி முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டிய விஷயம்.

ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

பாப் ஸ்மியர் என்பது கர்ப்பப்பை வாயின் மேற்பரப்பிலிருந்து வழித்தெடுத்த உதிரி செல்களைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இயல்பான மேற்பரப்பு செல் அகலமாக, தட்டையாக இருக்கும். நடுவில் சின்னதாக ஒரு கரு. லேசான மாற்றம் வந்த செல்லில் அந்தக் கரு மூன்று மடங்குக்கு மேல் பெருத்திருக்கும். சில செல்களில் கருவைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். அதுதான் எல்.எஸ்.ஐ.எல். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எச்.எஸ்.ஐ.எல்.லில் செல்லே சிறுத்துவிடும். கரு செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, விளிம்பு கோணல்மாணலாக, சாயம் அழுத்தமாக ஏறியிருக்கும். தீவிர மாற்றம் என்று பெயர் வைத்தது இதற்காகத்தான்.

ஆனால் உதிரி செல்லைப் பார்த்து ஒன்றைச் சொல்ல முடியாது. மாறிய செல்கள் மேல்படலத்துக்குள்ளேயே நிற்கின்றனவா, அடியில் இருக்கும் மெல்லிய சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டனவா? மேலேயே நின்றால் அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை, சி.ஐ.என். என்ற பெயரில் 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். சவ்வைத் தாண்டிவிட்டால் அது புற்றுநோய். இந்த வித்தியாசத்தைக் காண முழுத்திசுத் துண்டு வேண்டும். அதைத்தான் பயாப்சி தருகிறது.

எச்.எஸ்.ஐ.எல். என்று வந்த பெண்களுக்குப் பயாப்சி செய்தால், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு சி.ஐ.என். 2 அல்லது 3 இருக்கும். நூற்றில் சிலருக்கு மட்டுமே புற்றுநோய் இருக்கும். ஆகவே ‘எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டது’ என்று நீங்கள் பயப்படுவதற்கு இப்போதைக்கு ஆதாரம் இல்லை. ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுவதற்கும் ஆதாரம் இல்லை.

“முகாமில் எடுத்தது சரியாக இருக்காது, இன்னொரு ஸ்மியர் எடுத்துப் பார்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். முகாம் ஸ்மியரில் கோளாறு வர வாய்ப்பு உண்டு என்பது உண்மைதான். தகட்டை உடனே 95 சதவீத ஆல்கஹாலில் முக்காமல் காற்றில் காயவிட்டால் கரு உப்பி, இல்லாத மாற்றம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் ஒற்றை ஸ்மியர் இருக்கும் மாற்றத்தைத் தவறவிடுவதும் சகஜம். இரண்டாவது ஸ்மியர் ‘நார்மல்’ என்று வந்தாலும் முதலாவது ரத்தாகிவிடாது; எச்.எஸ்.ஐ.எல். வந்த பிறகு அடுத்த படி கால்போஸ்கோபிதான். சந்தேகம் இருந்தால் அந்தக் கண்ணாடித் தகட்டையே முகாம் நடத்தியவர்களிடம் கேட்டு வாங்கி, பெரிய மருத்துவமனையின் பெத்தாலஜி பிரிவில் மறுபடி படிக்கச் சொல்லலாம்.

இன்னொரு விஷயம். வெள்ளைப்படுவதற்கும் இந்த ரிப்போர்ட்டுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அதற்கு மாத்திரை போட்டுச் சரியானால், செல் மாற்றமும் சரியாகிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். இந்த நிலையில் வலி, ரத்தம் எதுவும் இருக்காது.

பயாப்சி இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்தால்

“பிள்ளை பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கு?” என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். சில டாக்டர்களும் அதையே சொல்லிவிடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்களிடையே கர்ப்பப்பை நீக்கம் அளவுக்கு மீறி நடந்ததாக எழுந்த புகாரை ஆராய 2019-இல் மாநில அரசு ஒரு குழுவே போட வேண்டி வந்தது. உங்களுக்கு அந்த ஆபரேஷனைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. வரிசை தவறியிருக்கிறது.

அதனால் வரும் பெரிய ஆபத்து இதுதான். நூற்றில் அந்தச் சிலரில் நீங்கள் ஒருவராக இருந்து, கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய் உள்ளே இருந்தால், சாதாரணக் கர்ப்பப்பை நீக்கம் போதாமல் போகலாம். புற்றுநோய் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் சிறிய ஆபரேஷன் போதும். அதைத் தாண்டி வளர்ந்திருந்தால் சுற்றியுள்ள திசு, யோனியின் மேற்பகுதி, நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும் பெரிய ஆபரேஷன் அல்லது கதிர்வீச்சும் கீமோவும் தேவைப்படும். புற்றுநோய் இருப்பது தெரியாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு ரிப்போர்ட்டில் அது தெரியவந்தால், இரண்டாவது ஆபரேஷனோ கதிர்வீச்சோ என்று நோயாளி அலைய நேரிடும். முதலிலேயே சரியான சிகிச்சை செய்திருந்தால் கிடைத்திருக்கும் பலனும் குறையும்.

மாற்றம் புற்றுநோய்க்கு முந்தையது மட்டும்தான் என்றால், அதற்குக் கர்ப்பப்பை முழுவதையும் எடுப்பது தேவைக்கு மிஞ்சிய ஆபரேஷன். சினைப்பையையும் சேர்த்து எடுப்பதற்கு இங்கே எந்தக் காரணமும் இல்லை. 41 வயதில் இரண்டு சினைப்பைகளும் போனால் மறுநாளே மாதவிடாய் நிற்றல் தொடங்கும். எலும்பு தேயும், இதயநோய் அபாயம் கூடும், உடல் கொதிப்பும் தூக்கமின்மையும் வேறு.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கவலை விட்டது என்பதும் சரியில்லை. இந்த மாற்றத்துக்குக் காரணமான வைரஸ் யோனியின் மேல்முனையிலும் தங்கலாம். சி.ஐ.என்.னுக்காகக் கர்ப்பப்பை எடுத்தவர்களும் தொடர்ந்து பரிசோதனைக்கு வர வேண்டும். மாறிய பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் ‘லீப்’ சிகிச்சை செய்த பிறகும் மாற்றம் திரும்பத் திரும்ப வந்தாலோ, பெரிய கட்டி போன்ற வேறு காரணமும் சேர்ந்திருந்தாலோ கர்ப்பப்பை நீக்கம் நியாயமான சிகிச்சைதான். அது கடைசியில் வருவது.

அப்படியானால் மே வரை ஏன் பொறுக்கக் கூடாது?

இது ஒரு வாரத்தில் முற்றும் நோய் அல்ல. அந்த அளவுக்கு மாமியார் சொல்வது சரி. வைரஸ் தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக, நோய் எதிர்ப்புச் சக்தி இயல்பாக உள்ள பெண்ணுக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு எந்த ஆண்டில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

நியூசிலாந்தில் 1960, 70களில் ஒரு மருத்துவமனையில், சி.ஐ.என். 3 இருந்த பெண்கள் பலரை முறையான சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு அது பெரிய விசாரணையாக வெடித்தது. அவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு 30 ஆண்டுகளில் புற்றுநோய் வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 1 சதவீதம்கூட வரவில்லை. சிகிச்சை செய்யக் காரணமும் அவசரப்பட்டு அலற வேண்டாம் என்பதற்குக் காரணமும் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கின்றன.

கிளறினால் வளரும் என்ற பயமும் வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நர்சுகள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு தடவை செய்தார்கள். சோதிக்கப்பட்ட பகுதிகளில் இந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைவாக இருந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. இதே சோதனையை மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு டாடா மெமோரியல் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது மரணங்கள் 31 சதவீதம் குறைந்தன. வேண்டுமானால் மாமியாரிடம் திண்டுக்கல் கதையைச் சொல்லுங்கள். ஊர்ப்பக்கம் நடந்தது என்றால் கொஞ்சம் காது கொடுப்பார்.

கால்போஸ்கோபி அன்று

சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் கேஸ் பேப்பர் (ஓ.பி. சீட்டு) எடுத்து, மகளிர் நோய்ப் பிரிவில் கால்போஸ்கோபி எந்தக் கிழமை என்று கேளுங்கள். பரேலில் உள்ள டாடா மெமோரியலில் இதற்கென்றே புற்றுநோய்த் தடுப்புப் பிரிவு இருக்கிறது. டாடா வாசலை மிதித்தாலே புற்றுநோய் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், பேசட்டும்.

மாதவிலக்கு முடிந்த பிறகான நாளாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாள் முன்பிருந்தே உறவும் யோனியில் வைக்கும் மாத்திரையும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், அயோடின் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முகாம் ரிப்போர்ட்டின் ஒரிஜினலை எடுத்துப்போய், ஜெராக்ஸை அவர்களிடம் கொடுங்கள்.

ஸ்மியர் எடுத்தபோது படுத்ததுபோலவே படுக்க வேண்டும். உடலுக்கு வெளியே நிற்கும் கருவி ஒன்றின் வழியாக டாக்டர் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பார். கருவி உள்ளே வராது. 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடமாவது காத்திருப்பார்கள். லேசாக எரியும். மாற்றம் உள்ள இடம் கெட்டியான வெள்ளைத் திட்டாகத் தெரியும். பிறகு அயோடின். இயல்பான செல்லில் உள்ள கிளைகோஜன் அயோடினை உறிஞ்சி அடர்பழுப்பாகும். மாறிய இடம் கடுகுமஞ்சளாகவே நிற்கும். மோசமாகத் தெரியும் இடங்களிலிருந்து இரண்டு முதல் நான்கு துணுக்குகள் எடுப்பார்கள்; ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். சுருக்கென்று ஒரு பிடி பிடிக்கும். மாற்றம் உட்குழாய்க்குள் போவதுபோல் இருந்தால் அங்கிருந்தும் சுரண்டி எடுப்பார்கள்.

ரத்தம் நிற்க ஒரு பசை வைப்பார்கள். அதனால் இரண்டு மூன்று நாள் காபித்தூள் கரைத்ததுபோல் கறுப்பாகக் கசியும். அதைப் பார்த்துப் பயந்து ஓடிவருபவர்கள் அதிகம், அதனால் இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம், காய்ச்சல், துர்நாற்றம் என்றால் மட்டும் உடனே போக வேண்டும்.

சில இடங்களில் பயாப்சிக்குப் பதிலாக அன்றே லீப் செய்துவிடலாம் என்பார்கள். எச்.எஸ்.ஐ.எல்.லுக்கு அது ஏற்கப்பட்ட முறைதான். லீப்பில் வெட்டியெடுத்த திசு முழுசாகப் பரிசோதனைக்குப் போகிறது. நர்சிங் ஹோம் சொன்னதோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முடிவு வந்த பிறகு

சி.ஐ.என். 2 அல்லது 3 என்றால் லீப். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு, மாறிய பகுதியை ஒரு சென்டிமீட்டர் ஆழம்போல வெட்டியெடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நான்கு வாரம் உறவு வேண்டாம், பளு தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடமும் அதில் சேர்த்திதான். ஆழமாக வெட்டினால் பின்னால் வரும் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவ அபாயம் கூடும் என்பது இளம்பெண்களுக்கான கவலை. உங்களுக்கு அது இல்லை. திசு ரிப்போர்ட்டில் ‘விளிம்பு’ என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். வெட்டிய ஓரம் வரை மாற்றம் இருந்தால் கண்காணிப்பு இன்னும் நெருக்கமாக இருக்கும். 6 முதல் 12 மாதத்தில், அந்த வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டெஸ்ட் கட்டாயம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: சிகிச்சை முடிந்ததும் ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

சூடு வைத்து அழிக்கும் முறை, உறைய வைக்கும் முறை என்றும் உண்டு. அவற்றில் திசு மிஞ்சாது. அதனால் உள்ளே புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இல்லாதபோதும், மாறிய பகுதி முழுசாகக் கண்ணில் தெரியும்போதும் மட்டும்தான் அவை பொருந்தும்.

பயாப்சியில் சி.ஐ.என். 1 அல்லது ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஸ்மியரும் பயாப்சியும் முரண்பட்டால் தகடுகளை மறுபடி பார்க்க வேண்டும். ஒருவேளை துணுக்கு சரியான இடத்தில் எடுக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் உரிமைகள்

எந்த ஆபரேஷனுக்கும் சம்மதம் தர வேண்டியவர் நீங்கள்தான். கணவரின் கையெழுத்து உங்கள் கையெழுத்துக்கு ஈடாகாது. டெல்லியில், பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோது தாயின் ஒப்புதலை வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்த வழக்கில், அது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. “வேறு டாக்டரிடமும் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று நர்சிங் ஹோமில் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

கணவரின் கேள்விக்கு

மனித பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி., உறவின் மூலம் பரவுவது. உறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்துபோகும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடலே அதை விரட்டிவிடும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டும். யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. திருமணத்துக்கு முன்போ பின்போ, அவரிடமிருந்தோ உங்களிடமிருந்தோ என்று தோண்டுவதில் மருத்துவரீதியாக ஒரு பயனும் இல்லை. இதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் சொன்னால் எடுபடும். கால்போஸ்கோபிக்கு அவரையும் அழைத்துப் போய், கேள்வியை அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான பரிசோதனை இல்லை என்பதால் அவர் டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை.

மகளுக்கு

போடுங்கள், 15 வயதாகும் முன்பே. 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கினால் ஆறு மாத இடைவெளியில் 2 டோஸ். 15 ஆகிவிட்டால் 3. ஒரு டோஸும் நல்ல பாதுகாப்புத் தருகிறது என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவேக் உட்பட, இங்கே கிடைக்கும் ஊசிகள் எல்லாம் 16, 18 வகை வைரஸ்களைத் தடுப்பவை. இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இவ்விரண்டும்தான் காரணம். ஊசி போட்டாலும் 30 வயதிலிருந்து அவளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே வந்த மாற்றத்தை இந்த ஊசி சரிசெய்யாது.

நாத்தனாருக்கு

கடைசி வரியில் போட்டுவிட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் அவர்தான் உங்களுக்கும் முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டியவர். மாதவிலக்கு முழுதாக நின்று ஒரு வருடம் தாண்டிய பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அது சூடு அல்ல. பலருக்கு யோனி வறட்சி, சின்னச் சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பை உட்படலப் புற்றுநோய்க்கும் இது முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அறிகுறி இல்லாதவர்களுக்குத்தான் பாப் ஸ்மியர் சல்லடை. ரத்தம் பட்டவருக்கு ஸ்மியர் மட்டும் எடுத்து ‘நார்மல்’ என்று அனுப்பினால் ஏமாந்துபோவோம். அவருக்கு டாக்டர் கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்க வேண்டும், யோனி வழியாக ஸ்கேன் எடுத்து உட்படலத் தடிமனை அளக்க வேண்டும். அது 4 மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது ரத்தம் மறுபடி பட்டால், உட்படலத்திலிருந்தும் பயாப்சி எடுக்க வேண்டும். நீங்கள் கால்போஸ்கோபிக்குத் தேதி வாங்க ஓ.பி.டி. போகும் அன்றே அவருக்கும் ஒரு கேஸ் பேப்பர் எடுத்துவிடுங்கள். ‘மாதவிடாய் நின்ற பின் ரத்தம்’ என்று அதில் எழுதச் சொல்லுங்கள்.